25-75 என்று வந்த விடையை நம்பலாமா?

கேள்வி: என் சேமிப்பை 100 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைப்பு நிதியிலும் பங்குச் சந்தை நிதியிலும் பிரித்துப் போட எண்ணுகிறேன். வைப்பில் 30 அலகாவது இருக்க வேண்டும். சந்தை 40 சதவீதம் சரிந்தாலும் 20 அலகுக்கு மேல் இழக்கக் கூடாது. வைப்புக்கு 6, பங்குக்கு 10 சதவீதம் என்று கொண்டு, ஆண்டுக்கு 9 அலகாவது வருமானம் வேண்டும். இரண்டு சமன்பாடுகளைத் தீர்த்ததில் வைப்பு 25, பங்கு 75 என்று வந்தது. அப்படியே போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் கண்டது இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியைத்தான். உங்கள் நிபந்தனைகளோ நான்கு. அவற்றில் ஒன்றுகூடச் சமன்பாடு அல்ல. ‘30 அலகாவது’, ‘மேல் இழக்கக் கூடாது’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவை அசமன்பாடுகள், அதாவது ‘சமம்’ என்று சொல்லாமல் எல்லையை மட்டும் சொல்பவை.

வரைபடத்தாளை எடுங்கள். கிடை அச்சில் வைப்பு (வ), செங்குத்து அச்சில் பங்கு (ப). வ + ப ≤ 100 என்ற கோடு இரண்டு அச்சுகளையும் 100-இல் தொடும். எந்தப் பக்கம் நிழலிடுவது என்று தடுமாறினால் (0, 0) என்ற ஆதிப்புள்ளியைப் போட்டுப் பாருங்கள்: 0 ≤ 100 சரி, ஆகவே ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம். அடுத்து வ ≥ 30, ஒரு செங்குத்துக் கோடு. இழப்பு நிபந்தனை 0.4ப ≤ 20, அதாவது ப ≤ 50. வருமானம் 6வ + 10ப ≥ 900 (சதவீதத்தை நீக்க இரு பக்கமும் 100-ஆல் பெருக்கியது, அதனால் 9 என்பது 900). இங்கே ஆதிப்புள்ளி பொருந்தாது, எனவே எதிர்ப்பக்கம்.

நான்கு நிழலும் ஒன்றாக விழும் இடத்தைத் தேடுங்கள். கிடைக்காது. 100 அலகையும் போட்டு 9 வருமானம் பெற பங்கில் 75 வேண்டும். சரிவில் 30 போய்விடும். 50-க்கு 50 போட்டால் வருமானம் 8. உங்கள் வரம்புக்குள் அதுதான் உச்சம். நீங்கள் கணக்கில் தவறவில்லை, ஆசைகள்தான் ஒன்றோடொன்று மோதுகின்றன. இந்த வெற்றிடத்தைப் பணம் போடுவதற்கு முன்பே தாளில் பார்த்துவிட்டீர்களே என்று எனக்கு உண்மையிலேயே நிம்மதி.

எதை விட்டுக்கொடுப்பது? வருமானத்தை. இழப்பு வரம்பைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வராது. உங்கள் தூக்கம் அதில் இருக்கிறது. இலக்கை 7.5 ஆக்கினால் (50, 50), (62.5, 37.5), ஏறத்தாழ (41.7, 50) ஆகிய முனைகளோடு ஒரு சிறு முக்கோணம் தோன்றும். வ ≥ 30 என்ற கோடு அதைத் தொடுவதே இல்லை. அந்த நிபந்தனை தானாக நிறைவேறிவிடுகிறது.

அதிக வருமானம் எப்போதும் ஒரு முனையில் கிடைக்கும். இங்கே (50, 50). இத்தகைய கணக்குகளைத் தீர்க்க 1947-இல் கணிதவியலாளர் ஜார்ஜ் டான்சிக் வகுத்த சிம்ப்ளக்ஸ் முறையும் முனைக்கு முனை நகர்ந்துதான் உச்சத்தைத் தேடுகிறது. ஆனால் அந்த முனையில் இழப்பு வரம்பில் இம்மியும் இடம் மிஞ்சாது. நான் (55, 45)-ஐத் தேர்ந்தெடுப்பேன். வருமானம் 7.8, பெரும் சரிவில் இழப்பு 18. வைப்பு வட்டி 5.5 சதவீதமாக இறங்கினாலும் 7.5-க்குச் சற்று மேலே நிற்கும்.

பங்குக்கு நீங்கள் கொண்ட 10 சதவீதம் வெறும் எதிர்பார்ப்பு, ஆண்டுதோறும் கைக்கு வரும் தொகை அல்ல. அதை 8 ஆக மாற்றி அந்த ஒரு கோட்டை மறுபடியும் வரையுங்கள். முக்கோணம் மறைந்துவிடும், 7.5 இல்லாமல் உங்கள் ஆண்டுச் செலவு ஓடுமா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.