'வின் ஹேண்ட்ஸ் டவுன்' என்றால் என்ன பொருள்? இந்தச் சொற்றொடர் எங்கிருந்து வந்தது?

அலட்டிக்கொள்ளாமல் ஜெயிப்பது. 'ஹி வோன் ஹேண்ட்ஸ் டவுன்' என்றால், கடைசிவரை முட்டி மோத வேண்டிய அவசியமே இல்லாமல், எதிராளி கிட்டத்திலேயே வர முடியாதபடி ஜெயித்தான் என்று அர்த்தம்.

சீட்டைக் கீழே வைப்பதிலிருந்து வந்தது, தோற்றவன் கையைத் தூக்குவதற்கு எதிர்ப்பதம் என்றெல்லாம் விளக்கம் சொல்பவர்கள் உண்டு. இரண்டும் சரியில்லை. இது குதிரைப் பந்தயப் பேச்சு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலப் பத்திரிகைகளின் பந்தயச் செய்திகளில் புழங்கத் தொடங்கியது.

பந்தயம் முடியும் நேரத்தில் ஜாக்கியின், அதாவது குதிரை ஓட்டுபவரின், கைகளை மட்டும் கவனியுங்கள். கடிவாள வாரைச் சுருக்கிப் பிடித்திருப்பார். குதிரை கழுத்தை நீட்டும் ஒவ்வொரு முறையும் கைகளையும் அதோடு சேர்த்து முன்னே தள்ளுவார். தேவைப்பட்டால் சாட்டையும் எடுப்பார். பின்னால் வருகிற குதிரை இனி எட்டிப்பிடிக்காது என்று தெரிந்துவிட்டால் இதெல்லாம் எதற்கு? கைகளைக் குதிரையின் கழுத்தடிக்கு இறக்கி, வாரைத் தளர்த்திவிடுவார். குதிரை தன் போக்கில் கோட்டைத் தாண்டும். அப்படி இறக்கிய கைதான் 'ஹேண்ட்ஸ் டவுன்'.

வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ் பந்தயங்களில் இன்று இதை அவசரப்பட்டுச் செய்தால் குற்றம். பந்தயத்தில் இடைவெளியைக் குதிரையின் உடல் நீளத்தை வைத்துத்தான் சொல்வார்கள். ஒரு நீளம் சுமார் 2.4 மீட்டர். பந்தயக் குதிரை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடினால், நொடிக்கு ஆறேழு நீளம் கடந்துவிடும். 3 நீளம் முன்னால் இருப்பது கண்ணுக்குப் பெரிய இடைவெளி. நேரக் கணக்கில் அரை நொடிகூட இல்லை. கை இறங்கியதும் முன்னால் போகிற குதிரை வேகத்தைக் குறைக்கும். பின்னால் வருபவரோ தள்ளிக்கொண்டே வருவார், கோட்டருகே முந்தியும் விடுவார். பணம் கட்டியவர்கள் சும்மா இருப்பார்களா? அப்படிக் கோட்டைவிட்ட ஜாக்கியைக் குறிப்பிட்ட நாட்களுக்குச் சவாரி செய்ய விடாமல் நிறுத்திவைக்கிறார்கள்.

பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடைசிப் பந்தில் ஜெயித்த மேட்சுக்கு இதைப் போடக் கூடாது. மயிரிழை வெற்றிக்குப் பந்தயத்திலிருந்தே வந்த வேறொன்று இருக்கிறது: 'வின் பை எ நோஸ்', அதாவது மூக்களவு வித்தியாசம். 'பீட்' என்ற வினையோடு சேர்த்தால் தோற்றவர் நடுவில் வருவார்: 'தே பீட் அஸ் ஹேண்ட்ஸ் டவுன்'. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போட்டால் இரண்டு சொற்களுக்கும் இடையே சிறுகோடு வேண்டும்: 'எ ஹேண்ட்ஸ்-டவுன் வின்னர்'. போட்டியே இல்லாத பேச்சிலும் வரும். 'ஹேண்ட்ஸ் டவுன், தி பெஸ்ட் பிரியாணி இன் டவுன்' என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை என்பதுதான்.

எதிரணி வராமலே ஜெயித்திருந்தால் மட்டும் இது பொருந்தாது. அதற்குப் பெயர் 'வாக்ஓவர்'. நம்மூர் கபடிப் போட்டிகளில் அடிக்கடி காதில் விழும் இந்தச் சொல்லும் குதிரைப் பந்தயம் கொடுத்ததே. ஒரே ஒரு குதிரைதான் களத்தில் என்றால் அது ஓட வேண்டியதில்லை. பாதையை நடந்து கடந்தாலே பரிசு.