பிள்ளை குண்டானால் யார் பொறுப்பு? – கேள்வி பதில்

குழந்தைகளின் உடல் பருமன் பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். உணவுப் பட்டியல் கேட்டுத்தான் நிறைய வரும் என்று எதிர்பார்த்தேன். பாதிப் பேர் ‘இது யார் தப்பு’ என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, அதிலிருந்தே தொடங்கிவிடலாம். நான் குழந்தை மருத்துவர். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கோவை, 9 வயது மகனின் அம்மா: என் மகன் 134 செ.மீ. உயரம், 44 கிலோ எடை. மாமியார் ‘வளர்ற பிள்ளை, கண்ணு வைக்காதே’ என்கிறார். சொந்தபந்தம் கூடினால் என் கணவரே ‘இவ ஊட்டி ஊட்டித்தான் இப்படி’ என்கிறார். நிஜமாகவே என் மகன் குண்டா? தப்பு என்னுடையதா?

முதலில் கணக்கு. எடையை, மீட்டரில் அளந்த உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் 24.5 வருகிறது. இதைத்தான் பி.எம்.ஐ. என்கிறோம். பெரியவர்களுக்கு அதிக எடை, பருமன் என்று சொல்லும் 23, 25 அளவுகளைப் பிள்ளைகளுக்குப் பொருத்தக் கூடாது. அவர்களுக்கு வயதுக்கு ஒன்றாக, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக வளைகோடுகள் உண்டு. இந்தியக் குழந்தை மருத்துவ சங்கம் 2015-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 9 வயதுப் பையனுக்கு 24.5 என்பது பருமன் கோட்டைத் தாண்டியதுதான். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. குளிப்பாட்டும்போது அவன் பின்கழுத்தைப் பாருங்கள். தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகக் கறுத்திருக்கிறதா? நிறைய அம்மாக்கள் அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கை நாரால் தேய்த்துத் தேய்த்து, தோல் சிவந்த பிறகு கூட்டி வருவார்கள். அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். அக்குளிலும் வரும். இருந்தால் சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி ‘யார் தப்பு’. டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளாக வளர்ந்து பெரியவர்களான 540 பேரை வைத்து ஓர் ஆய்வு 1986-ல் வெளிவந்தது. அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போனது, வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒரு பிள்ளைக்கு ஏறும், இன்னொரு பிள்ளைக்கு ஏறாது. ஆகவே ‘நீ ஊட்டித்தான்’ என்ற பேச்சு மருத்துவப்படி அரைகுறையானது.

அதற்காக வம்ச வாகு என்று விட்டுவிடவும் முடியாது. நம் பாட்டன் காலத்திலும் இதே மரபணுக்கள்தான் இருந்தன. தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 5 வயதுக்குட்பட்டோரில் அதிக எடையுள்ளவர்கள் 2015-16-ல் 2.1 சதவீதம், 2019-21-ல் 3.4 சதவீதம். நாலைந்து வருடத்தில் யாருடைய மரபணுவும் மாறியிருக்காது. கடையில் கிடைப்பதும், வீட்டுக்குள் வருவதும், பிள்ளையின் நாள் கழியும் விதமும்தான் மாறியிருக்கின்றன.

இதில் எது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். மாதச் சாமான் லிஸ்ட் எழுதுவது உங்கள் மகன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு ஒன்றரை லிட்டர் குளிர்பானம் வாங்கி வருவதும் அவன் இல்லை. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கா பத்தரை மணிக்கா, டிவி முன்னாலா தரையில் உட்கார்ந்தா, எல்லாம் பெரியவர்கள் தீர்மானிப்பது. அந்தப் பொறுப்பை 9 வயதுப் பையன் தலையில் கட்டக் கூடாது. உங்கள் ஒருவர் தலையிலும் கட்டக் கூடாது. குறை சொல்லும் கணவரும் அதே வீட்டுப் பெரியவர்தானே? கிளினிக்கில் நான் பார்ப்பது, உள்ளே அம்மாவும் பிள்ளையும் வருவார்கள், அப்பா வெளியே பைக் பக்கத்தில் நின்று போன் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த முறை அவரையும் உள்ளே கூட்டிப் போங்கள்.

சேலம், சட்டக் கல்லூரி மாணவர்: வெளிநாடுகளில் பருமனான குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்த வழக்குகள் உண்டு என்று படித்தேன். அது சரியா, டாக்டர்?

உண்டு. 2011-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், 90 கிலோவைத் தாண்டிய 8 வயதுச் சிறுவனை அரசு எடுத்து வளர்ப்புக் குடும்பத்தில் வைத்தது. சில மாதங்கள் கழித்து அம்மாவிடம் திரும்பினான். அதே ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், உயிருக்கு ஆபத்தான பருமன் என்றால் அரசு தலையிடலாம் என்று ஒரு கட்டுரை வந்து பெரிய சண்டையே நடந்தது.

எனக்கு இந்த விஷயத்தில் கை நடுங்கும். காரணம், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009-ல் கண்டுபிடித்த ஒன்று. கடுமையான பருமன் உள்ள சில குழந்தைகளுக்கு 16-வது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லை. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது. பெற்றோர் வேண்டுமென்றே திணிக்கிறார்கள் என்று நினைத்து, அவர்களில் சிலரைப் பிரிட்டன் சமூக நலத் துறை ‘ஆபத்தில் உள்ள குழந்தைகள்’ பட்டியலில் ஏற்கெனவே சேர்த்திருந்தது. காரணம் தெரிந்தபின் பெயர்களை எடுத்தார்கள். அதுவரை அந்தப் பெற்றோர் என்ன பாடுபட்டிருப்பார்கள்?

மூச்சுத் திணறல், முற்றிய சர்க்கரை நோய் என்று வந்தபிறகும் சிகிச்சைக்கே வர மறுக்கும் பெற்றோர் இருந்தால், மற்ற நோய்களில் எப்படியோ அப்படி அரசு தலையிடலாம். எடையை மட்டும் வைத்துப் பிள்ளையைப் பிரிப்பதை நான் ஏற்க மாட்டேன். இந்த மரபணுக் குறைகள் மிக அபூர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுக்குள்ளேயே எடை கண்டபடி ஏறி, சாப்பிட்டு முடித்த கையோடு மறுபடி சோறு கேட்டு அழும் பிள்ளை என்றால்தான் அந்தச் சந்தேகம் வரும்.

திண்டுக்கல், 7 வயது மகளின் அப்பா: தைராய்டாக இருக்குமோ?

உயரத்தைப் பாருங்கள். சாப்பாட்டால் குண்டாகும் பிள்ளைகள் வயதுக்குச் சற்று உயரமாகவே இருப்பார்கள். ஹார்மோன் கோளாறு என்றால் பெரும்பாலும் வளர்த்தி நின்றுபோகும். குண்டாகவும் குட்டையாகவும் இருந்தால் உடனே காட்டுங்கள். வலிப்புக்கோ வேறு எதற்கோ நாள்பட்ட மருந்து, ஸ்டீராய்டு சாப்பிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கும்பகோணம், ஒரு தாத்தா: பேரன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினமும் எக் பப்ஸும் ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட்டும் வாங்கிக் கொடுப்பேன். மருமகள் முகம் சுளிக்கிறாள். என் பென்ஷன் காசில் பேரனுக்கு வாங்கித் தருவது குற்றமா அம்மா?

குற்றம் என்று யார் சொன்னது ஐயா? நீங்கள் வாசலில் நிற்பதே அவனுக்குச் சந்தோஷம். ஆனால் அந்த 200 மில்லி ஜூஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருதரம் படியுங்கள். பெரும்பாலானவற்றில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதாவது நாலு டீஸ்பூனுக்கு மேல். 2 வயது தாண்டிய பிள்ளைகளுக்கு ஒரு நாள் முழுவதற்குமே சேர்க்கப்பட்ட சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். பப்ஸின் அடுக்குகளெல்லாம் மைதாவும் வனஸ்பதியும்தான். பேக்கரியில் நிறுத்தாமல் கொய்யாப்பழ வண்டியில் நிறுத்துங்கள். அப்புறம் மகாமகக் குளத்தை இரண்டு சுற்று சுற்றி வாருங்கள், உங்கள் முழங்காலுக்கும் நல்லது. பப்ஸ் சனிக்கிழமைக்கு இருக்கட்டும். மருமகள் சொன்னது சரிதான், ஆனால் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

திருப்பூர், பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அம்மா: ஷிப்ட் முடிந்து வீடு வர எட்டரை ஆகும். பிள்ளைகள் நாலு மணிக்கே வந்துவிடும். ஆளுக்கு 20 ரூபாய் வைத்துவிட்டுப் போவேன், பொட்டிக்கடையில் பாக்கெட் வாங்கித் தின்பார்கள். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு ‘பொறுப்பில்லாத அம்மா’ என்கிறார்கள் மேடம்.

இப்படிச் சொன்னவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவரிடம் பொறுப்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதியே இருக்கிறது. பள்ளிக்கூடம் முதலில் தன் வாசலைப் பார்க்கட்டும்.

பெற்றோரிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இது தீராது என்பதற்கு ஓர் உதாரணம். பிரிட்டனில் 2018 ஏப்ரலில், 100 மில்லிக்கு 5 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை உள்ள குளிர்பானங்களுக்கு வரி போட்டார்கள். வரி கட்டுவதைவிடச் சர்க்கரையைக் குறைப்பது லாபம் என்று பல கம்பெனிகள் குறைத்துவிட்டன. 10, 11 வயதுச் சிறுமிகளிடையே, வரி இல்லாதிருந்தால் இருந்திருக்கும் அளவைவிடப் பருமன் 8 சதவீதம் குறைவு என்று 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. பையன்களிடம் அது தெரியவில்லை. எந்த அம்மாவையும் கூப்பிட்டு வைத்து யாரும் திட்டவில்லை.

உங்களால் முடிந்தது இவ்வளவுதான்: காலையில் சோறு வடிக்கும்போது அடுத்த அடுப்பில் ஒரு பிடி கடலையோ சுண்டலோ வேகட்டும். தாளிக்கக்கூட வேண்டாம், உப்புப் போட்டு டப்பாவில் வைத்துவிடுங்கள். அவித்த முட்டை, வாழைப்பழம் எது கட்டுப்படியாகிறதோ அது. நாலு மணிப் பசிக்கு முதலில் கண்ணில் படுவது அந்த டப்பாவாக இருக்கட்டும். காசை தினமும் தராமல் வாரத்தில் ஒரு நாள் தந்து பாருங்கள். முடியாத நாளும் இருக்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

ஓசூர், 11 வயது மகனின் அப்பா: ‘டேய் குண்டா’ என்று நான்தான் கூப்பிடுவேன். ரோஷம் வந்து ஓடுவான், குறைப்பான் என்று. தப்பா?

தப்புதான். ரோஷத்தில் ஓடிக் குறைந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஒளித்துத் தின்னும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்கூல் பையில் ஜாமெட்ரி பாக்ஸுக்கு அடியில் மடித்து வைத்த சிப்ஸ் கவர், பாத்ரூம் ஜன்னலில் சாக்லேட் தாள். அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எடையைப் பற்றிப் பேசாமல், சாயங்காலம் அரை மணி நேரம் ஷட்டில் மட்டையை எடுத்துக்கொண்டு நீங்களும் இறங்குங்கள்.

10-ம் வகுப்பு மாணவி, ஊர் சொல்லவில்லை: அம்மா என் தட்டில் மட்டும் அளந்து வைக்கிறார். அண்ணன் ஒல்லி என்று அவனுக்கு முட்டை தோசை, ஐஸ்க்ரீம். எனக்கு எதிரிலேயே சாப்பிடுகிறான்.

நீ கேட்பது நியாயம்தான்மா. இதை உன் அம்மாவுக்கே எழுதுகிறேன், அவரிடம் காட்டு.

அம்மா, ஒரே வீட்டில் இரண்டு சட்டம் வேண்டாம். தடுக்கப்பட்ட பண்டத்தின் மேல்தான் பிள்ளைக்கு ஆசை கூடும் என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன, நமக்கும் அப்படித்தானே. ஐஸ்க்ரீம் ஃப்ரிட்ஜில் இருந்தால் எல்லாருக்கும், இல்லையென்றால் யாருக்கும் இல்லை. ஒல்லிப் பையனுக்கும் அது நல்லதில்லை. வெளியே ஒல்லியாகத் தெரியும் உடம்புக்குள் கொழுப்பு கூடுதலாக இருப்பது இந்தியர்களிடம் பிறக்கும்போதே தொடங்குகிறது என்று புனேயில் டாக்டர் யாக்னிக் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். என்ன சமையல், எத்தனை மணிக்கு என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவள் வயிறு சொல்லட்டும்.

நீயும் கோபத்தில் பட்டினி கிடக்காதே. மாதவிடாய் மூன்று மாதம் தள்ளிப்போனாலோ முகத்தில் ரோமம் கூடினாலோ வெட்கப்படாமல் அம்மாவிடம் சொல்.

சென்னை, ஒன்றரை வயதுக் குழந்தையின் அம்மா: போன் காட்டினால்தான் வாயைத் திறக்கிறாள். பாட்டி ‘கொழு கொழுன்னு இருந்தாத்தான் குழந்தை’ என்கிறார்.

போனைப் பார்க்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. தலையைத் திருப்பினால், வாயை மூடினால் போதும் என்று அர்த்தம். கிண்ணத்தில் மிச்சம் இருந்தாலும் எடுத்துவிடுங்கள். 2 வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலைந்து நாள் ரகளை நடக்கும், தாங்கிக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில், ஒரு அம்மா: பாலில் கலக்கும் ஹெல்த் டிரிங்க் கொடுக்கலாமா?

சில பொடிகளில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகமே இவற்றை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் வைக்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லிவிட்டது. வெறும் பால் போதும்.

விருதுநகர், ஆசிரியை: பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பெற்றோரே கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். 5 முதல் 17 வயதுவரை சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும். டியூஷனுக்குப் போகும் பிள்ளைக்கு உங்கள் பீரியடை விட்டால் வேறு நேரமே கிடையாது.

ஈரோடு, 10 வயது மகனின் அப்பா: எத்தனை மாதத்தில் குறையும்? இப்போது பேசப்படும் எடை குறைக்கும் ஊசியைப் போடலாமா?

பத்து வயதில் பெரும்பாலும் எடை குறைய வேண்டியதே இல்லை; ஏறாமல் நின்றால் போதும், உயரம் ஏறும்போது கணக்கு தானாகச் சரியாகும். நிறையக் கூடுதல் என்றால்கூட மாதம் அரை கிலோவுக்கு மேல் குறைக்க மாட்டோம். தினமும் மெஷினில் ஏற்றி நிறுத்தாதீர்கள். செமாகுளுடைட் என்ற அந்த ஊசியை அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பிள்ளைகளுக்கு அனுமதித்ததே 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத்தான். உங்கள் மகனுக்கு அந்தப் பேச்சு வேண்டாம். சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். ராத்திரி குறட்டை விட்டு, பகலில் வகுப்பில் தூங்குகிறான் என்றால் அதை முதலில் சொல்லுங்கள்.