லித்தியம் சாப்பிடுபவருக்கு உப்பில்லாப் பத்தியம் ஆகுமா?

கேள்வி: என் தம்பிக்கு 28 வயது. பைபோலார் நோய்க்கு (மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் கடும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) மூன்று வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது நன்றாக இருக்கிறான். உப்பு, வெங்காயம், பூண்டு, காபி இல்லாத ஆயுர்வேதப் பத்தியமும் வாரம் ஒருநாள் உபவாசமும் இருந்தால் மாத்திரையைக் குறைத்துவிடலாம் என்கிறார் அம்மா. செய்யலாமா?

பதில்: அம்மாவின் பத்தியத்தில் பாதியை நானே எழுதிக்கொடுப்பேன். ஆனால் உப்பை நிறுத்தக் கூடாது.

லித்தியமும் ஒருவகை உப்புதான். சிறுநீரகம் சோடியத்தை நடத்துவதுபோலவே அதையும் நடத்தும். சாப்பாட்டில் உப்பு திடீரென்று குறைந்தால், உடம்பு சோடியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். கூடவே லித்தியமும் தங்கிவிடும். ரத்தத்தில் லிட்டருக்குப் பொதுவாக 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது, அதே மாத்திரையிலேயே 1.5-ஐத் தாண்டலாம். டம்ளரைத் தூக்கினால் தண்ணீர் சிந்தும் அளவுக்குக் கை நடுக்கம், வாந்தி, பேதி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் என எது தெரிந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

"சரி, இந்துப்பு போடலாமா?" என்பார் அம்மா. தாராளமாக. அதுவும் சோடியம் குளோரைடுதான். வழக்கமான அளவு குறையாமல் இருந்தால் போதும்.

காபியை விடட்டும், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். காஃபீன் லித்தியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. தினம் நாலு டம்ளர் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் லித்தியம் ஏறும். தினம் குடிப்பதில் வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம், அதுவும் இந்த வெயிலில், கூடவே கூடாது.

வெங்காயம், பூண்டை விட்டால் நஷ்டமில்லை. அதனால் நோய் தீரும் என்றும் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பிடித்தது ஆயுர்வேதம் சொல்லும் தினசரி ஒழுங்கு. நேரத்துக்குச் சூடாகச் சாப்பாடு, எட்டு மணிக்குள் இரவு உணவு, பத்துக்குள் படுக்கை. பைபோலாரில் தூக்கம் கெட்டால் மனம் தறிகெட்டு ஓடத் தொடங்கும். அதனால் இந்த ஒழுங்கு மாத்திரைக்கு நல்ல துணை. வல்லாரைத் துவையலும் அரைக்கட்டும். அஸ்வகந்தா மட்டும் வேண்டாம். அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும். லித்தியமோ அதைக் குறைக்கக்கூடும். அப்புறம் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து நாங்கள்தான் குழம்புவோம்.

மாத்திரையைக் குறைப்பது தம்பியின் மனநல மருத்துவர் முடிவு. லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தியவர்களுக்கு நோய் வேகமாகத் திரும்புவது உண்டு. பத்தியப் பட்டியலை அவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு வாரம் கழித்து லித்தியம் அளவு பாருங்கள். இரவு 9 மணிக்கு மாத்திரை போட்டால் மறுநாள் காலை 9 மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும்; காலை மாத்திரை இருந்தால், ரத்தம் கொடுத்த பிறகுதான் அதைப் போட வேண்டும்.