கடையில் விற்கும் முயல் தீனிகளில் எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

கேட்டவரின் வீட்டில் வளர்ந்த முயல் ஒன்று இருக்கிறது. கடைக்காரர் சொன்னபடி வண்ணக் கலவைத் தீனியும், அவ்வப்போது தயிர் மிட்டாயும் தேன் குச்சியும் கொடுத்து வருகிறார். உறையில் முயல் படம் போட்டு விற்பதெல்லாம் முயலுக்கு நல்லதுதானா என்பது அவரது கேள்வி. இந்த மூன்றில் ஒன்றுகூட முயலுக்குத் தேவையில்லை. மூன்றுமே கெடுதல் என்பதுதான் பதில். பொதுவாக எல்லோரும் மிட்டாயைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். என் கணிப்பில், தினமும் கிண்ணத்தை நிரப்பும் கலவைத் தீனிதான் அதைவிடப் பெரிய தீங்கைச் செய்கிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் பொட்டலத்திலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துச் செய்தித்தாளில் கொட்டிப் பிரித்துப் பாருங்கள். பச்சையும் பழுப்புமாக அழுத்திச் செய்த சிறு உருளைகள் (பெல்லட்), அவல்போலத் தட்டையாக நசுக்கிய பட்டாணி, மக்காச்சோளம், சிவப்பும் மஞ்சளுமாகச் சாயமேற்றிய வளையங்கள், சூரியகாந்தி விதை, சிலவற்றில் உலர்ந்த வாழைப்பழத் துண்டு என்று பலவும் இருக்கும். இவற்றில் முயலுக்கு ஓரளவேனும் பொருந்துவது அந்த உருளைதான். முயலோ பட்டாணியையும் சோளத்தையும் வளையத்தையும் முதலில் பொறுக்கித் தின்றுவிட்டு, உருளைகளைக் கிண்ணத்தின் அடியில் விட்டுவைக்கும். மாலையில் வந்து பார்க்கும் நாம், பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புகிறோம். இது நாள்தோறும் நடக்கும்போது, உறையில் அச்சிட்ட சத்துக் கணக்கு சரியாகவே இருந்தாலும், முயலின் வயிற்றுக்குள் பெரும்பாலும் மாவுச்சத்தே போகிறது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பள்ளியினர் இதை முறையாகவே சோதித்திருக்கிறார்கள். டச்சு இன முயல்கள் 32-ஐ நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உலர்புல் மட்டும், மற்றொன்றுக்கு உலர்புல்லோடு உருளைத் தீவனம், இன்னொன்றுக்கு உலர்புல்லோடு கலவைத் தீனி, கடைசிக் குழுவுக்குக் கலவைத் தீனி மட்டும் என்று 17 மாதங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். கலவைத் தீனி தின்றவை வேண்டாததை ஒதுக்கிப் பொறுக்கித் தின்றன. உலர்புல் கிடைத்த குழுவிலும் புல்லைக் குறைவாகவே தின்றன. புல் இல்லாமல் கலவை மட்டுமே தின்ற குழுவில் உடல் பருத்ததோடு பற்களும் மாறத் தொடங்கின.

இப்படி ஆவதற்கான காரணம் முயலின் குடலிலேயே இருக்கிறது. முயல் தின்னும் புல்லின் கரடுமுரடான நார் செரிப்பதில்லை. அது குடலை இயக்கிக்கொண்டே போய் உருண்டையான காய்ந்த புழுக்கையாக வெளியேறுகிறது. நுண்ணிய பகுதி மட்டும் சீக்கம் எனப்படும் பெரிய பைக்குள் திரும்பி, அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதித்து, மிருதுவான இன்னொரு வகைப் புழுக்கையாகிறது. புரதமும் பி வைட்டமின்களும் நிறைந்த அதை முயல் வாய்வைத்து நேரடியாகத் தின்றுவிடும். முதல்முறை பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்தப் பழக்கம் இல்லாமல் முயல் நலமாக வாழ முடியாது. நார் குறைந்து சர்க்கரையும் மாவும் கூடினால் குடலின் இயக்கம் தளர்கிறது, சீக்கத்தின் நுண்ணுயிர்ச் சமநிலை கெடுகிறது, மிருதுவான புழுக்கை அளவுக்கு மீறி உண்டாகிப் பின்பக்க ரோமத்தில் அப்பிக்கொள்கிறது. பருத்த முயலுக்குத் தன் பின்பக்கத்தை எட்டிச் சுத்தம் செய்யவும் முடியாது. நம் ஊர் வெயிலில், ஈ மொய்க்கும் இடத்தில், அங்கே புழு வைத்துவிட அதிக நேரம் ஆகாது. முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது என்பதால், உள்ளே போன எதுவும் குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

பற்களின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மி.மீ. வரை வளரும். நீண்ட புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் கடைவாய்ப் பற்கள் தேய வேண்டும். உருளையையும் சோளத்தையும் நொறுக்க இரண்டொரு கடி போதும். அதில் பல் தேயாது. தேயாத கடைவாய்ப் பல்லில் கூர்முனை உண்டாகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். மேல்வரிசைப் பல்லின் வேர் பின்னோக்கி வளர்ந்து கண்ணீர்க் குழாயை அழுத்தும்போது ஒரு கண்ணில் மட்டும் நீர் வடியத் தொடங்கும். அதைச் சளி என்று நினைத்துச் சொட்டு மருந்து தேடுகிறவர்கள் பலர்.

அப்படியானால் கலவையை விட்டுவிட்டு, கண்ணாடிப் பையில் எடைபோட்டு உதிரியாக விற்கும் உருளைத் தீவனத்தை வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சென்னையில் கொளத்தூர் போன்ற இடங்களின் கடைகளில் இப்படி உதிரியாக விற்பதில் பெரும்பகுதி, கறிக்காக வளர்க்கும் முயலுக்கான பண்ணைத் தீவனம்தான். நீலகிரியின் சாண்டிநல்லா, கொடைக்கானலை அடுத்த மன்னவனூர் ஆகிய இடங்களின் ஆராய்ச்சி நிலையங்கள் வழியாகத் தமிழ்நாட்டில் பரவிய முயல் வளர்ப்பு, பெரும்பாலும் இறைச்சியையே நோக்கமாகக் கொண்டது. பன்னிரண்டு வாரத்தில் ஏறத்தாழ 2 கிலோ எடை வர வேண்டும் என்பது அங்கே இலக்கு. அதற்கேற்பச் சோளம், கோதுமைத் தவிடு, கடலைப் பிண்ணாக்கு என்று சேர்த்துத் தயாரித்த தீவனத்தில் பண்ணைக்கு எந்தக் குறையும் இல்லை. எட்டுப் பத்து ஆண்டுகள் வாழ வேண்டிய, ஓடியாட இடமில்லாத அடுக்குமாடி வீட்டு முயலுக்கு அதையே நாள்தோறும் வயிறார வைப்பதுதான் தவறு. மேலும் திறந்த மூட்டையில் ஈரக்காற்றுப் பட்டுக் கிடக்கும் சோளத்திலும் பிண்ணாக்கிலும் அஃப்லடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு உண்டாகக்கூடும். அந்த நஞ்சுக்கு மிக எளிதில் ஆளாகும் விலங்குகளில் முயலும் ஒன்று. தயாரித்த தேதி தெரியாத தீவனத்தை, வாசனை நன்றாகத்தானே இருக்கிறது என்று நம்பி வாங்காதீர்கள்.

இனி அந்த மிட்டாய்களுக்கு வருவோம். தயிர் மிட்டாய் என்று விற்பதன் உட்பொருள் பட்டியலைப் படித்தால் சர்க்கரை, தாவரக் கொழுப்பு, பால் பொடி அல்லது மோர்ப்புரதப் பொடி என்றுதான் இருக்கும். தாய்ப்பால் மறந்த முயலுக்குப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் ஆற்றல் பெரும்பாலும் இருப்பதில்லை. பச்சைப்புல் தின்னும் விலங்குக்குக் கொழுப்பையும் சர்க்கரையையும் உருட்டிக் கொடுப்பதற்கு, உறையில் இருக்கும் அழகான படத்தைத் தவிர வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை. தேன் குச்சியும் அப்படித்தான்: மரக்குச்சி ஒன்றைச் சுற்றிக் கோதுமை, சோளம், விதைகளைத் தேனாலோ சர்க்கரைப் பாகாலோ ஒட்டியிருப்பார்கள். பல் தேய உதவும் என்று விற்கிறார்கள்; முயலோ மேலிருக்கும் பூச்சை மட்டும் கடித்துத் தின்றுவிட்டுக் குச்சியை உதறிவிடுகிறது. காய்ந்த சோளத்தின் தோல் செரிக்காமல் குடலில் சிக்கும் ஆபத்தும் உண்டு. கடிக்க ஏதாவது வேண்டுமென்றால், மருந்து அடிக்காத கொய்யாக் குச்சி காசு செலவில்லாமல் கிடைக்கும்.

உலர்ந்த பப்பாளித் துண்டுகளை, வயிற்றில் ரோமம் கட்டுவதைக் கரைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். ரோமத்தைப் பப்பாளி கரைப்பதில்லை. குடல் நன்றாக இயங்கினால் விழுங்கிய ரோமம் தானாகவே வெளியே போய்விடும். சர்க்கரை பூசிய பப்பாளி அந்த இயக்கத்துக்கே எதிரி. உப்புக்கல்லும் தாதுக்கல்லும் வீண் செலவு. முயலின் குடல் உணவில் உள்ள கால்சியத்தைத் தேவைக்கு மேலும் உறிஞ்சி, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும் இயல்புடையது. தாதுக்கல் அந்தச் சுமையைக் கூட்டி, சிறுநீர்ப்பையில் சுண்ணாம்பு வண்டலாகப் படிய வழி செய்கிறது. அதே காரணத்தால், குதிரைமசாலை முதன்மைப் பொருளாகக் கொண்ட உருளைத் தீவனமும் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட முயலுக்கு ஏற்றதன்று. குட்டிக்கு அது நல்லது.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், எல்லா உருளையும் ஒரே நிறத்தில் ஒரே வடிவில் இருக்கும் தீவனமாகப் பாருங்கள். அதில் பொறுக்குவதற்கு எதுவும் இருக்காது. உறையில் நார்ச்சத்து 18 சதவீதத்துக்குக் குறையாமலும், இருபதைத் தாண்டினால் இன்னும் நல்லதாகவும், உட்பொருள் பட்டியலில் முதலில் புல்லின் பெயரும் இருக்க வேண்டும். சோளமோ கோதுமையோ முதலில் வந்தால் வாங்காமல் கடையிலேயே வைத்துவிடுங்கள். அளவும் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராமைத் தாண்டக் கூடாது. இரண்டு கிலோ முயலுக்கு 50 கிராம் என்பது உச்ச அளவு; வளர்ந்த முயல் அதில் பாதியிலேயே நன்றாக இருக்கும்.

தட்டில் மீதி எல்லாம் புல்லாக, அதாவது உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். இறக்குமதியாகும் டிமோதி உலர்புல் விலை அதிகம் என்று தயங்குகிறவர்களுக்கு அறுகம்புல் இருக்கிறது. பிள்ளையார் கோவில் வாசலில் விற்கும் அதே அறுகுதான். நன்றாக அலசி, நிழலில் உலர்த்தியும் பச்சையாகவும் கொடுக்கலாம். சாலையோரப் புல்லும் பூச்சிமருந்து அடித்த தோட்டத்துப் புல்லும் வேண்டாம். வைக்கோல் நார் தந்தாலும் சத்துக் குறைவு என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆசைக்குக் கொடுக்க ஒரு கொத்தமல்லித் தண்டு, புதினா இலை, எப்போதாவது கட்டைவிரல் நகமளவு ஆப்பிள் துண்டு போதும். கேரட்டும் இனிப்புப் பண்டமாகவே எண்ணத் தக்கது. நாள்தோறும் வைக்கும் உணவன்று.

பழைய தீனியை ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம். உலர்புல்லை எந்நேரமும் வைத்துக்கொண்டு, கலவையை இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நல்ல உருளைக்கு மாற்றுங்கள். அந்த நாட்களில் புழுக்கையைத் தினமும் கவனியுங்கள். அது சிறுத்துப்போனாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ, முயல் முதுகைக் குனித்து ஒரே இடத்தில் உட்கார்ந்து, விரும்பித் தின்னும் கொத்தமல்லியையும் மறுத்தாலோ, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாத முயலுக்கு உடனடியாகக் கால்நடை மருத்துவரின் உதவி தேவை. முயலுக்கு மருத்துவம் பார்த்துப் பழகியவர் உங்கள் ஊரில் யார் என்பதை, அப்படியொரு இரவு வருவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.