ராத்திரி 2 மணிக்கு டாக்டர் இருப்பாரா?

கேள்வி: எனக்குத் தலைப்பிரசவம், எட்டாவது மாதம். என்னோடு வேலை பார்க்கும் மூன்று பேர், பிரசவ வலி குறைய முதுகில் போடும் எபிடியூரல் ஊசி போட்டுக்கொண்டுதான் பெற்றார்கள். "நாங்கள் எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பெறவில்லையா? அந்த ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகு வலி, கடைசியில் சிசேரியன்தான்" என்கிறார் மாமியார். இது இப்போதைய ஃபேஷன்தானா டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பத்தொன்பது வருடமாக இந்த ஊசியைப் போடுவதுதான் என் வேலை. அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

ஃபேஷன் என்ற பேச்சு பழையது. 1853-ல் விக்டோரியா மகாராணி எட்டாவது பிள்ளையைக் குளோரோஃபார்ம் முகர்ந்துகொண்டே பெற்றார். அப்போதும் முகம் சுளித்தவர்கள் உண்டு. 2016-ல் பிரான்சில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் முதுகில் ஊசி போட்டுக்கொண்டு பெற்றார்கள். ஜப்பானில் அதே காலத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஜப்பான்காரிக்கு மட்டும் வலிக்காதா என்ன? வலியைப் பொறுப்பதுதான் தாய்மை என்ற எண்ணம் அங்கே உண்டுதான். ஆனால் அங்கே ஏறக்குறைய பாதிப் பிரசவம் சின்னச் சின்ன கிளினிக்குகளில் நடக்கிறது. அத்தனை இடத்திலும் இரவு பகலாக மயக்க மருத்துவரை உட்கார வைப்பது நடக்கிற காரியமா? ஊசி போடும் ஆள் இருக்கிற இடத்தில்தான் எண்ணிக்கை ஏறுகிறது.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். என் முதல் பிரசவத்தில் ஊசி வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். வலி உச்சத்துக்குப் போன நேரம், அங்கிருந்த ஒரே மயக்க மருத்துவர் தியேட்டரில் வேறொரு அவசர சிசேரியனில் இருந்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தபோது பிள்ளையின் தலை தெரிந்துவிட்டது. நானும் அதே தொழில் என்பதால் அவரைத் திட்டக்கூட முடியவில்லை!

மாமியார் சொல்வதில் பாதி அந்தக் காலத்துக்குச் சரி. அப்போது மருந்தின் அளவு அதிகம். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், முக்க வராது, இடுக்கி போன்ற ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுப்பது கூடியது. இப்போது நீர்க்கச் செய்த மருந்தோடு ஃபென்டானில் என்ற வலி மருந்தைத் துளி சேர்த்து, முதுகில் வைத்த மெல்லிய குழாய் வழியாக விடுகிறோம். காலை அசைக்கலாம். 2018-ல் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, இதனால் சிசேரியன் கூடவில்லை என்றது. 2005-க்குப் பிந்தைய ஆய்வுகளில் ஆயுதப் பிரசவமும் கூடவில்லை. முக்கும் கட்டம் மட்டும் சிலருக்கு நீளும். முதுகு வலியோ, ஊசி போடாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பின் வருவதுதான். குத்திய இடம் சில நாள் நோகும், அவ்வளவே.

அதற்காக இது மந்திரம் இல்லை. வேலை செய்யவே 20 நிமிடம் ஆகும். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குச் சரியாகப் பிடிக்காமல் குழாயை நகர்த்தவோ மாற்றவோ வேண்டிவரும். ரத்த அழுத்தம் இறங்கலாம், உடம்பு அரிக்கலாம், சிறுநீர் தானாகப் போகாமல் குழாய் வைக்க நேரலாம். நூற்றில் ஒருவருக்கு, எழுந்து உட்கார்ந்தாலே மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். அதற்கும் வைத்தியம் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரும் ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்தவரும் இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வேண்டாம் என்று தோன்றினால் போட்டுக்கொள்ளாதீர்கள், அதில் குறைவொன்றும் இல்லை. வேண்டுமென்றால், அடுத்த செக்கப்பில் "இங்கே எபிடியூரல் உண்டா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். "ராத்திரி 2 மணிக்கு மயக்க மருத்துவர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? அவர் தியேட்டரில் மாட்டிக்கொண்டால் இன்னொருவர் உண்டா?" என்று கேளுங்கள். கர்ப்பப்பை வாய் இத்தனை சென்டிமீட்டர் திறந்தால்தான் போடுவோம் என்றால் ஏன் என்றும் கேளுங்கள். வலி எடுத்து நீங்கள் கேட்பதே போதுமான காரணம்.

ஊசி போடும்போது முதுகை வளைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். நடுவில் வலி வந்தால் பல்லைக் கடிக்காமல் வாயைத் திறந்து சொல்லுங்கள். அது அடங்கும்வரை நாங்கள் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்போம்.