கரையேறிய அலகுத் திமிங்கிலம்: சுனாமி வருமா, வயிற்றில் அம்பர் இருக்குமா?

மட்டக்களப்புக் கல்லாற்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பதினைந்து அடி நீளத்தில், ஓங்கில் போல மூக்கு நீண்ட ஒரு பிராணி உயிரோடு கரையேறியதாம். பொடியன்கள் சேர்ந்து மூன்று தடவை கடலுக்குள் தள்ளினார்களாம். மூன்று தடவையும் திரும்பி வந்து, மத்தியானத்துக்குள் செத்துவிட்டது. "ஆழ்கடல் மிருகம் கரைக்கு வந்தால் சுனாமி வரும் என்று அம்மா வாவிக்கு அப்பால் படுவான்கரையில் மாமி வீட்டுக்குப் போய்விட்டார். ஒருவர் வந்து, வயிற்றில் வாசனைத் திரவியத்துக்கு வாங்கும் அம்பர் இருக்கிறது, வெட்டித் தந்தால் இரண்டு இலட்சம் என்கிறார். என்ன செய்வது?"

முதலில் அம்மாவைக் கூட்டி வாருங்கள். அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த எவருக்கும் அது இருக்கும். ஆனால் அன்று அலையை எழுப்பியது சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடியில் நடந்த நிலநடுக்கம். அதைத் திமிங்கிலம் முன்கூட்டிச் சொல்லும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2020 நவம்பரில் பாணந்துறையில் நூறு வரையான பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. கடல் பெருகவில்லை. சந்தேகம் வந்தால் 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்தைக் கேளுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் தொண்டைக்கு அடியில் இரண்டு வரிப்பள்ளங்கள், முன்பக்கம் ஒன்றையொன்று நெருங்கி, ஆப்பு வடிவில் தெரிகின்றன. வால் துடுப்பின் நடுவில் வெட்டு இல்லை. முதுகுத் துடுப்பு சிறியது, வாலுக்குக் கிட்ட இருக்கிறது. இது அலகுத் திமிங்கிலம்தான். உடம்பில் போத்தல் மூடி அளவில் இருக்கும் வெள்ளைத் தழும்புகளைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம். ஆழ்கடலில் சதையைத் துண்டாகக் கடித்தெடுக்கும் ஒரு சின்னச் சுறா இருக்கிறது; இவை அதன் கடித்தடங்கள் போலத்தான் தெரிகின்றன.

இவை கரையோரத்துப் பிராணிகள் அல்ல. இந்தக் குடும்பத்தில் குவியர் அலகுத் திமிங்கிலம் 2,992 மீற்றர் ஆழம்வரை போனது பதிவாகியிருக்கிறது. இன்னொரு தடவை 3 மணி 42 நிமிடம் மூச்செடுக்காமல் கீழே இருந்தது. கும்மிருட்டில் ஒலி எழுப்பி, எதிரொலியை வைத்துக் கணவாயைத் தேடி, வாயால் உறிஞ்சிப் பிடிக்கும். அப்படி வாழ்கிற ஒன்று மணலில் வந்து கிடந்தால், அநேகமாக ஏற்கெனவே உடம்பு முடியாமல் போயிருக்கும். தண்ணீர் தாங்கிய பாரம் இப்போது அதன் நெஞ்சையே அமுக்கும், உடம்பும் சூடேறிவிடும். திருப்பித் தள்ளியும் பிழைக்காதது பொடியன்களின் குற்றம் அல்ல.

சரி, அந்த அம்பர்காரர். அம்பர் உண்டாவது ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் குடலில். அது பெட்டி போன்ற தலை உள்ள வேறு இனம். அதிலும் எல்லாவற்றிலும் கிடைக்காது. உங்கள் பிராணியின் வயிற்றைக் கிழித்தால் கணவாய் அலகும், சிலவேளை பொலித்தீன் பையும்தான் வரும். இந்தத் தரகர்கள் கையில் கொஞ்ச முற்பணத்தைத் திணிப்பார்கள், கத்தியை நீங்கள் பிடிப்பீர்கள், பொலிஸ் வரும்போது அவர்களுடைய போன் வேலை செய்யாது. கடல் பாலூட்டிகள் எல்லாமே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. செத்த உடலை வெட்டினாலும் வழக்கு உங்கள் மேல்தான். ஊசியைச் சூடாக்கிக் குத்திக் காட்டுவதை நம்பாதீர்கள், மெழுகுக் கட்டியும் அப்படி உருகும். ஒரு சதம்கூட வாங்காதீர்கள்.

ஒரேயொரு விடயத்தில் மட்டும் நானும் கவலைப்படுவேன். ஒன்றல்ல, இரண்டு மூன்று அலகுத் திமிங்கிலங்கள் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாட்களிலோ, ஒன்று கல்லாற்றில், ஒன்று திருக்கோவிலில், ஒன்று பொத்துவிலில் என்று ஒதுங்கினால் அது வேறு கதை. 2000இல் பகாமாசிலும் 2002இல் கனேரித் தீவுகளிலும் அப்படி நடந்தது. இரண்டு இடத்திலும் போர்க்கப்பல்கள், நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் ஒலியைப் பாய்ச்சிக்கொண்டிருந்தன. மிரண்டுபோய் வழக்கத்துக்கு மாறாக முக்குளித்து மேலே வரும்போது இரத்தத்தில் வாயுக் குமிழி கட்டிவிடுகிறது என்று கருதுகிறார்கள். கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டரோடு இறங்கும் பொடியன்கள் அவசரமாக மேலே வந்து கைகால் விழுந்துபோகிறார்களே, அதே மாதிரி. 2004இல் ஸ்பெயின் கனேரித் தீவுகளைச் சுற்றி அந்தச் சோனாரைத் தடுத்த பிறகு கூட்டமாக ஒதுங்குவது அங்கே நின்றது. ஆகவே பக்கத்து ஊர்களில் விசாரியுங்கள். ஒன்றுதான் என்றால் நிம்மதியாக இருங்கள். இரண்டு என்றால் அன்றைக்கே எனக்கும், கடல்வள ஆய்வு செய்யும் அரச நிறுவனமான நாராவுக்கும், வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் சொல்லுங்கள்.

யாரிடம் சொன்னாலும் அலைச்சல்தான், தெரியும். ஒரு தடவை தகவல் கிடைத்து நான் ஓடிப் போனபோது ஜேசிபி குழியை மூடிக்கொண்டிருந்தது. மூன்று அலுவலகங்கள் ஒன்றையொன்று கடிதம் கேட்டதில் இரண்டு நாள் போயிருந்தது. அளவுநாடா பிடிக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. 1963இல் இரத்மலானையில் ஒதுங்கிய ஓர் அலகுத் திமிங்கிலத்தை, இலங்கை விலங்கியலாளர் தெரணியகல புதிய இனம் என்று எழுதினார். இரண்டு வருடத்தில் மற்றவர்கள் அதை மறுத்தார்கள். 2014இல் மரபணுவைப் பார்த்துத்தான் அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார்கள். அன்று அதையும் அப்படியே புதைத்திருந்தால் எதைப் பரிசோதித்திருப்பார்கள்?

அளவு தெரிய உடம்புக்குப் பக்கத்தில் ஒரு தோணித் துடுப்பை வைத்து, பக்கவாட்டில் முழு உடம்பையும், அப்புறம் வாய், தொண்டை, வால் மூன்றையும் கிட்டவாகப் படம் எடுங்கள். கையால் தொட வேண்டாம். புதைக்கும்போது நிற்கிற தென்னையிலிருந்து எத்தனை எட்டு என்று குறித்து வையுங்கள். அனுமதி எடுத்துக்கொண்டு, சதை உக்கிய பிறகு மண்டையோட்டுக்கு நான் வருகிறேன்.