பளு தூக்குவதை நிறுத்தினாலும் பசி உடனே நிற்காது

கேள்வி: வயது 27, ஊர் வேலூர். 11 வருடமாகப் பளு தூக்குகிறேன். சீனியர் நேஷனல்ஸில் இரண்டு முறை தமிழ்நாட்டுக்காக இறங்கியிருக்கிறேன். எடை 96 கிலோ. முட்டிவலியால் போட்டியை விடப் போகிறேன். பயிற்சியை ஒரேயடியாக நிறுத்தலாமா? வேலைக்கும் கோச் ஆவதற்கும் என்ன வழி?

பதில்: ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். உழைப்பு ஒரே நாளில் குறைந்துவிடும், சாப்பிட்டுப் பழகிய வயிறு குறையாது. பழைய வீரர்கள் பலருக்குத் தொப்பை விழுவது அந்த இடைவெளியில்தான்.

வாரம் ஆறு நாள் பயிற்சியை மூன்றாக்குங்கள். ஸ்குவாட் (கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), புல் (கம்பியைத் தரையிலிருந்து இழுப்பது) இரண்டையும் நீங்கள் தூக்கும் உச்ச எடையில் 60–70 சதவீதத்தில் வைத்துக்கொண்டு, மூன்று நான்கு மாதத்தில் படிப்படியாக இறக்குங்கள். சாப்பாட்டில் முதலில் கை வைக்க வேண்டியது சோற்றிலும் இனிப்பிலும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தினசரி அளவில் 300 கலோரி குறைத்தால் போதும். முட்டையையும் கோழியையும் வெட்டிவிடாதீர்கள். கிலோவுக்கு 1.6 கிராம் என்றால் உங்களுக்கு நாளுக்கு 150 கிராம் புரதம். எடை மெஷினைவிட இடுப்பு டேப்பை நம்புங்கள்: 90 செ.மீ. தாண்டக் கூடாது.

ரத்த அழுத்தம் பார்க்கும்போது ஒரு விஷயம். கையில் சுற்றும் சாதாரணப் பட்டை உங்கள் புஜத்துக்குச் சிறியது. அதைக் கட்டினால் இல்லாத அழுத்தத்தை இருப்பதாகக் காட்டும். புஜச் சுற்றளவு 34 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரிய பட்டை கேளுங்கள்.

முட்டிச் சில்லுக்குக் கீழே விரல் வைத்த இடத்தில் வலித்தால் பெரும்பாலும் தசைநார் பிரச்சினை. முழு ஓய்வு அதை இன்னும் பலவீனமாக்கும். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி 45 விநாடி அசையாமல் நில்லுங்கள். இரண்டு நிமிட இடைவெளி விட்டு ஐந்து முறை. முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ இதெல்லாம் வேண்டாம், நேராக எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வேலை விஷயத்தில் கசப்பான செய்தி: ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது 18 முதல் 25 வரைதான், அதில் தளர்வும் கிடையாது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வயது வரம்பு பணிக்குப் பணி மாறும். மாநிலத்துக்காக நேஷனல்ஸில் இறங்கியவர்களுக்கான சான்றிதழ் படிவம் 2, அதில் மாநிலச் சங்கச் செயலாளர் கையெழுத்து வேண்டும். இன்னும் வாங்கவில்லை என்றால் சங்கத்தில் உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பலர் சறுக்குவது இனிஷியலில்: சான்றிதழில் ‘எஸ்.’, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயர் முழுதாக. சரிபார்ப்பில் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

கோச் ஆக பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பில் ஆரம்பியுங்கள். ஓராண்டு டிப்ளமோ பிறகு. டிப்ளமோவுக்குப் பட்டப்படிப்பு உதவும், முடிக்காமல் விட்டிருந்தால் இப்போதே அஞ்சல்வழியில் சேருங்கள்.

நல்ல வீரர் கோச் ஆனதும் செய்கிற முதல் தவறு, பையன் தூக்குகிறானே என்று பிளேட் (எடைத் தட்டு) ஏற்றுவது. முதல் இரண்டு மாதம் கம்பிக்குப் பதில் பிவிசி குழாய் போதும். பிறகு பெண்களுக்கான 15 கிலோ கம்பி, 25 மி.மீ. தடிமன் என்பதால் சின்னக் கைக்கு அடங்கும். இடுப்பு நிமிர்வதற்கு முன்பே முழங்கை மடங்குகிறதா என்று பாருங்கள். மடங்கினால் குழாய்க்கே திரும்புங்கள்.